அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல்: பல்கலைக்கழகக் கல்வியும் கருவிப் பகிர்வும்

மும்பை மாநகரில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதிகள் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை. இப்பகுதிகள் இந்திய வேதியியலின் வரலாற்றிலும் இடம் பெற்றவை. பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1933-ஆம் ஆண்டில் தோற்றுவித்த வேதித் தொழில்நுட்பத் துறை பின்னர் மாட்டுங்காவில் நிலைபெற்றது. 2008-ஆம் ஆண்டு முதல் அது வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இயங்கி வருகிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் அமைந்துள்ளன. தாராவியின் தோல் தொழிலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

சாயம், மருந்து, எரிபொருள், உரம், பதனிடும் பொருள் என இத்தொழில்கள் கையாளும் பொருள்கள் பலவாயினும், அவற்றின் ஆய்வுக்கூடங்களில் எழும் வினாக்கள் ஒன்றே. குடுவையில் இருக்கும் பொருள் எது? அதில் அணுக்கள் எவ்வாறு இணைந்துள்ளன? வேண்டாத பொருள் ஏதேனும் கலந்துள்ளதா? இவ்வினாக்களுக்கு மிகத் தெளிவான விடை தரும் முறைகளுள் முதன்மையானது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல். ‘என்.எம்.ஆர்.’ என்று ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக வழங்கப்படும் இம்முறை, வேதியியல் முதுநிலைப் பட்டப் படிப்பில் இன்றியமையாத பாடமாக உள்ளது. பாடம் எல்லா மாணவர்க்கும் பொது. கருவியோ எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இந்த இடைவெளியை நிரப்புவது எவ்வாறு என்பது மாணவரும் கல்வி நிருவாகிகளும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய பொருளாகும்.

பம்பாயில் வேரூன்றிய வரலாறு

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஃபெலிக்ஸ் பிளாக் தலைமையில் ஒரு குழுவும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு பர்செல் தலைமையில் மற்றொரு குழுவும் இந்நிகழ்வைத் திரவத்திலும் திண்மத்திலும் கண்டறிந்தன. இருவருக்கும் 1952-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணுக்கருவின் காந்தத் திறனைத் துல்லியமாக அளப்பதே தொடக்கத்தில் நோக்கமாக இருந்தது. ஆனால் 1950-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டில் பிராக்டர், யூ ஆகியோர் அம்மோனியம் நைட்ரேட்டை ஆராய்ந்தபோது, நைட்ரஜனுக்கு ஒரு சமிக்ஞைக்குப் பதிலாக இரண்டு கிடைத்தன. ஒரே தனிமத்தின் அணுக்கரு, அது சேர்ந்திருக்கும் வேதிச் சூழலுக்கு ஏற்ப வேறுபட்ட விடை அளித்தது. இயற்பியலார் இதனைத் தம் அளவீட்டுக்கு நேர்ந்த இடையூறாகவே கருதினர். அந்த இடையூறே வேதியியலாருக்குக் கிடைத்த பெருங்கொடையாயிற்று.

இதனை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டியது 1951-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுரை. எத்தில் ஆல்கஹாலில் உள்ள ஆறு ஹைட்ரஜன்களும் ஒரே சமிக்ஞையைத் தராமல், மூன்று சமிக்ஞைகளைத் தருவதை அது காட்டியது. அவற்றின் பரப்புகள் ஒன்று, இரண்டு, மூன்று என்னும் விகிதத்தில் இருந்தன. ஆல்கஹாலின் ஹைட்ராக்சில், மெத்திலீன், மெத்தில் தொகுதிகளில் உள்ள ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையும் அதுவே. இவ்வுரையின் ஆசிரியர்கள் அர்னால்டு, தர்மட்டி, பக்கார்டு ஆகிய மூவர். இவர்களுள் எஸ். எஸ். தர்மட்டி இந்தியர். 1950-களில் நாடு திரும்பிய அவர், ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, பம்பாயில் இத்துறைக்கென ஓர் ஆய்வுக் குழுவை உருவாக்கினார்.

நாட்டின் பிற இடங்களிலும் அக்காலத்தில் பணி தொடங்கியிருந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஜி. சூரியன், ஓடும் திரவங்களில் இந்நிகழ்வு எவ்வாறு மாறுகிறது என்பதை 1951-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார். கல்கத்தாவில் ஏ. கே. சாகா, டி. பி. தாஸ் ஆகியோர் எழுதிய கோட்பாட்டு நூல் 1957-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பம்பாய்க் குழுவில் பயின்றவர்களுள் ஒருவரான சி. எல். கேத்ரபால் பின்னாளில் பெங்களூரில் திரவப் படிகங்களைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றார். பம்பாயிலேயே கிரிஜேஷ் கோவில் உயிரியல் மூலக்கூறுகளின் ஆய்வை வளர்த்தார். அவர் முயற்சியால் 1980-களில் டாட்டா நிறுவனத்தில் 500 மெகாஹெர்ட்ஸ் கருவி, நாடு முழுவதற்கும் உரிய பொது வசதியாக நிறுவப்பட்டது.

தமிழகத்திலும் இத்துறை தோலாராய்ச்சியோடு கைகோத்து வளர்ந்தது குறிப்பிடத்தக்கது. சென்னை அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய என். சந்திரகுமாரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் எஸ். சுப்பிரமணியனும் இணைந்து எழுதிய உயர்நிலை நூல் 1987-ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகெங்கும் மாணவர் கைகளுக்குச் சென்றது.

அடிப்படைக் கொள்கை

ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டான் மின்னூட்டம் உடையது, தற்சுழற்சியும் உடையது. ஆகவே அது ஒரு நுண்ணிய காந்தம்போல் நடந்துகொள்கிறது. வலிமையான காந்தப்புலத்தில் வைக்கப்பட்டதும், இந்நுண்காந்தங்கள் புலத்தின் திசையிலோ அதற்கு எதிர்த்திசையிலோ அமைகின்றன. சாய்ந்து சுழலும் பம்பரத்தின் அச்சு தானும் ஒரு வட்டமிட்டுச் சுற்றுவதுபோல், அவை புலத்தின் திசையைச் சுற்றி வருகின்றன. ஒரு நொடியில் எத்தனை முறை சுற்றுகின்றன என்பது புலத்தின் வலிமையைப் பொறுத்தது. 1.41 டெஸ்லா வலிமையுள்ள புலத்தில் அது 60 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஆறு கோடி முறை, 11.7 டெஸ்லா புலத்தில் ஏறத்தாழ 500 மெகாஹெர்ட்ஸ்.

ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்திற்கு இசைய உந்தினால் மட்டுமே அது உயரச் செல்லும். அவ்வாறே, புரோட்டானின் சுற்றுக்கு இணையான அதிர்வெண் உடைய வானொலி அலையைச் செலுத்தினால் மட்டுமே அது ஆற்றலை ஏற்று நிலை மாறும். இதுவே ஒத்ததிர்வு.

இரு நிலைகளிலும் உள்ள அணுக்கருக்களின் எண்ணிக்கை ஏறத்தாழச் சமம் என்பதை மாணவர் மறத்தல் ஆகாது. 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில், அறை வெப்பநிலையில், தாழ்ந்த ஆற்றல் நிலைக்குரிய மிகுதி பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஐந்து மட்டுமே. கிடைக்கும் சமிக்ஞை முழுவதும் இச்சிறு மிகுதியிலிருந்தே தோன்றுகிறது. வலிமை மிகுந்த காந்தங்களை நாடுவதற்கு இது ஒரு காரணம். புலம் வலுக்க, மிகுதியும் வளர்கிறது.

‘அணுக்கரு’ என்னும் சொல்லைக் கேட்டதும் அணு உலையும் கதிரியக்கமும் நினைவுக்கு வருவது இயல்பு. இம்முறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இங்கு அணுக்கரு சிதைவதில்லை. பயன்படுத்தப்படுவது வானொலி அலையே. மருத்துவமனைகளில் ‘எம்.ஆர்.ஐ.’ என வழங்கும் படமெடுப்பும் இதே கொள்கையில் அமைந்ததாகும். நோயாளிகள் அஞ்சுவதைத் தவிர்க்கவே அதன் பெயரில் ‘அணுக்கரு’ என்னும் சொல் நீங்கியது.

நிறமாலை தரும் நான்கு செய்திகள்

ஒரு நிறமாலையிலிருந்து நான்கு வகைச் செய்திகளை மாணவர் திரட்ட வேண்டும்.

முதலாவது, சமிக்ஞைகளின் எண்ணிக்கை. ஒத்த சூழலில் உள்ள புரோட்டான்கள் யாவும் ஒரே சமிக்ஞையைத் தரும். எத்தில் ஆல்கஹாலும் டைமெத்தில் ஈதரும் ஒரே மூலக்கூறு வாய்பாடு உடையவை. ஆயினும் முன்னது மூன்று சமிக்ஞைகளையும், பின்னது ஒன்றையும் தரும்.

இரண்டாவது, சமிக்ஞையின் பரப்பு. அது அச்சூழலில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் அமையும். பரப்பு காட்டுவது விகிதத்தையே. உண்மை எண்ணிக்கையை மூலக்கூறு வாய்பாட்டிலிருந்தே பெறவேண்டும்.

மூன்றாவது, சமிக்ஞையின் இடம். இதுவே வேதிப் பெயர்ச்சி எனப்படும். புரோட்டானைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் புறக் காந்தப்புலத்தை எதிர்க்கும் ஒரு சிறு புலத்தை உண்டாக்கி அதற்கு மறைப்பாக அமைகின்றன. அருகில் ஆக்சிஜன் போன்ற அணு இருப்பின், அது எலெக்ட்ரான்களைத் தன்பால் ஈர்ப்பதால் மறைப்புக் குறைந்து, சமிக்ஞை இடப்புறம் நகர்கிறது. டெட்ராமெத்தில் சிலேன் என்னும் பொருளின் சமிக்ஞையைச் சுழியாகக் கொண்டு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அலகில் இப்பெயர்ச்சி குறிக்கப்படுகிறது. கருவி எதுவாயினும் இவ்வெண் மாறாது என்பது இவ்வலகின் சிறப்பு.

நான்காவது, சமிக்ஞையின் பிளவு. அண்டைக் கார்பனில் உள்ள புரோட்டான்களின் நுண்காந்தங்கள் ஒரு சமிக்ஞையைப் பல கோடுகளாகப் பிரிக்கின்றன. எளிய நேர்வுகளில், அண்டையிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் கோடுகளின் எண்ணிக்கை கிடைக்கும். எத்தில் தொகுதியில் மெத்தில் மும்மைக் கோடாகவும், மெத்திலீன் நான்மைக் கோடாகவும் தோன்றுவது இதனால்தான். கோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி ஹெர்ட்ஸ் அலகில் அளக்கப்படும். எத்தில் தொகுதியில் அது ஏறத்தாழ 7 ஹெர்ட்ஸ். காந்தப்புலம் கூடினாலும் இது மாறுவதில்லை. ஆனால் பெயர்ச்சியின் ஓர் அலகு 60 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 60 ஹெர்ட்ஸாகவும், 500 மெகாஹெர்ட்ஸ் கருவியில் 500 ஹெர்ட்ஸாகவும் விரிகிறது. எனவே தாழ்புலக் கருவியில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும் சமிக்ஞைகள், உயர்புலக் கருவியில் தனித்தனியே பிரிகின்றன.

ஒரு பயிற்சி

தேர்வுகளில் பெரிதும் இடம்பெறும் ஒரு வகை வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு திரவத்தின் மூலக்கூறில் நான்கு கார்பன், எட்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் உள்ளன. நிறமாலையில் மூன்று ஹைட்ரஜன்களுக்கு உரிய ஒரு மும்மைக் கோடும், இரண்டுக்கு உரிய ஒரு நான்மைக் கோடும், மூன்றுக்கு உரிய பிளவுறாத ஒற்றைக் கோடும் காணப்படுகின்றன. பொருள் யாது?

நான்கு கார்பன் கொண்ட நிறைவுற்ற சேர்மத்தில் பத்து ஹைட்ரஜன் இருத்தல் வேண்டும். இங்கு இரண்டு குறைவு. ஆகவே ஓர் இரட்டைப் பிணைப்போ ஒரு வளையமோ உண்டு. அகச்சிவப்பு நிறமாலை எஸ்டருக்கு உரிய கார்பனைல் தொகுதியைக் காட்டுகிறது எனக் கொள்வோம். மும்மையும் நான்மையும் சேர்ந்து எத்தில் தொகுதியைத் தெரிவிக்கின்றன. ஒற்றைக் கோடு அண்டையில் ஹைட்ரஜன் இல்லாத மெத்தில் தொகுதி. உடனே ‘எத்தில் அசெட்டேட்’ என எழுதிவிடும் மாணவர் பலர்.

ஆனால் இதே விவரங்கள் மெத்தில் புரொப்பியனேட்டுக்கும் முற்றிலும் பொருந்தும். அதிலும் ஓர் எத்தில் தொகுதியும் ஒரு தனித்த மெத்தில் தொகுதியும் உள்ளன. பரப்பும் பிளவும் அவ்வாறே. இரண்டையும் பிரித்துக் காட்டுவது இடம் ஒன்றே. எத்தில் அசெட்டேட்டில் மெத்திலீன் ஆக்சிஜனோடு இணைந்துள்ளது. எனவே நான்மைக் கோடு 4.1 அளவிலும், கார்பனைலை அடுத்த மெத்திலின் ஒற்றைக் கோடு 2.0 அளவிலும் தோன்றும். மெத்தில் புரொப்பியனேட்டில் ஆக்சிஜனோடு இணைந்தது மெத்தில். எனவே ஒற்றைக் கோடு 3.7 அளவுக்குச் செல்லும். நான்மைக் கோடு 2.3 அளவில் நிற்கும்.

இப்பயிற்சி உணர்த்தும் பாடம் பெரிது. நான்கு செய்திகளுள் எந்த ஒன்றும் தனியே நின்று தீர்ப்பு வழங்காது. யாவும் ஒரே முடிவைச் சுட்டும்போதுதான் அம்முடிவு நிலைபெறும். அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவர் முதல் விடையோடு நின்றுவிடுவார். காரணம் அறிந்தவர் மாற்று விடையையும் எழுதி, அதனை விலக்கிய பின்னரே முடிவு கூறுவார். மருந்துத் தொழிலில் ஒரு மாற்றியத்தை மற்றொன்றாகக் கொள்வது மதிப்பெண் இழப்போடு முடிவதில்லை. மருந்தின் பயனும் உண்பவரின் நலமும் அதனைப் பொறுத்தவை.

கன நீரின் பங்கு

ஆய்வுக்குரிய பொருளைக் கரைக்கும் கரைப்பானிலும் ஹைட்ரஜன் இருப்பின், அதன் சமிக்ஞையே நிறமாலையை மூழ்கடித்துவிடும். எனவே ஹைட்ரஜனுக்கு மாறாக அதன் கனத்த ஓரிடத்தானாகிய டியூட்ரியத்தைக் கொண்ட கரைப்பான்கள் பயன்படுத்தப்படுகின்றன. டியூட்ரியத்தின் சமிக்ஞையைக் கொண்டே கருவி தன் காந்தப்புலத்தையும் நிலைப்படுத்திக்கொள்கிறது. ஆல்கஹாலின் ஹைட்ராக்சில் சமிக்ஞையை இனங்காண ஓர் எளிய வழி, மாதிரியில் ஒரு துளி கன நீரைச் சேர்த்துக் குலுக்குவதாகும். அந்த ஹைட்ரஜன் டியூட்ரியத்தோடு இடம் மாறுவதால் அதற்குரிய சமிக்ஞை மறைந்துவிடும்.

டியூட்ரியத்திற்கு மூலம் கன நீர். இந்தியாவின் முதல் கன நீர் ஆலை 1962-ஆம் ஆண்டில் பஞ்சாபின் நங்கலில் தொடங்கியது. 1978-ஆம் ஆண்டில் தூத்துக்குடி ஆலை செயற்படத் தொடங்கியது. அணு மின் நிலையங்களின் தேவைக்காகத் தோன்றிய இத்தொழிலை நடத்தும் கன நீர் வாரியத்தின் தலைமையகம் செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் உள்ளது. டியூட்ரியக் கரைப்பான்கள் போன்ற பிற பயன்களிலும் வாரியம் இப்போது கருத்துச் செலுத்தி வருகிறது. ஒரு துறைக்கென நாடு செய்த முதலீடு மற்றொரு துறைக்குப் பயன்படுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கருவியும் அதன் பராமரிப்பும்

உயர்புலக் கருவியின் காந்தம் மீக்கடத்திக் கம்பியால் ஆனது. அது சுழிக்குக் கீழ் 269 பாகை வெப்பநிலையிலுள்ள திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். அதனைச் சூழ்ந்து திரவ நைட்ரஜன் அமையும். கருவியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இவை சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறித்த காலத்தில் ஹீலியம் நிரப்பப்படாவிடின் காந்தம் தன் மீக்கடத்துத் தன்மையை இழந்து, எஞ்சிய ஹீலியம் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். ஹீலியத்திற்கு நம் நாடு இறக்குமதியையே பெரிதும் நம்பியுள்ளது.

எனவே, பல கோடி ரூபாய் மதிப்புள்ள கருவிக்கு ஒப்புதல் வழங்கும் அலுவலர், வாங்கும் செலவு ஒருமுறைக்குரியது, பேணும் செலவு ஆண்டுதோறும் உரியது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். ஹீலியம், தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற இயக்குநர் ஆகிய மூன்றிற்கும் நிதி ஒதுக்காத திட்டம், கிணறு வெட்டிக் கயிறு வாங்காத கதையாகும்.

பகிர்வே வழி

இத்தகைய கருவியை ஒவ்வொரு கல்லூரியும் வாங்குதல் இயலாது, தேவையும் இல்லை. இதனை உணர்ந்தே அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970-களில் வட்டாரக் கருவி மையங்களை அமைக்கத் தொடங்கியது. பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1976-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மையம் அவற்றுள் ஒன்று. வெளிக் கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் கட்டணம் செலுத்தி மாதிரிகளை அனுப்பி நிறமாலைகளைப் பெறலாம். 2020-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘ஐ-ஸ்டெம்’ என்னும் தேசியத் தளம், எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி உள்ளது என்பதை அறிந்து முன்பதிவு செய்ய வகை செய்கிறது.

ஆராய்ச்சியாளருக்கு இவ்வழி திறந்துள்ளது. பட்ட வகுப்பு மாணவருக்கும் அதனைத் திறந்துவிடுவதே அடுத்த பணி. மாதிரியைத் தபாலில் அனுப்பி, அச்சிட்ட தாளைப் பெறும் மாணவர், சமிக்ஞை பிறப்பதைக் காண்பதில்லை. காந்தப்புலத்தைச் சீராக்குவது எவ்வாறு, மாதிரியில் தூசி இருந்தால் கோடு ஏன் அகல்கிறது, கரைப்பானின் எச்சக் கோட்டைத் தம் பொருளின் கோடாகக் கருதும் பிழை எவ்வாறு நேர்கிறது என்பவற்றைத் தாளிலிருந்து கற்க முடியாது.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு. பொது மையங்கள் ஆண்டில் சில நாட்களை அண்டைக் கல்லூரி மாணவரின் செய்முறைக்கென ஒதுக்கலாம். அச்சிட்ட தாளோடு, கருவி பதிவு செய்த மூல எண்களையும் கல்லூரிக்கு அளித்தால், கட்டணமின்றிக் கிடைக்கும் கணிப்பொறி நிரல்களின் துணையுடன் ஒவ்வொரு மாணவரும் தாமே நிறமாலையை உருவாக்கிப் பழகலாம். ஹீலியம் தேவைப்படாத நிலைக்காந்தத்தால் இயங்கும் மேசைக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. 60 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அத்தகைய கருவி ஒன்றை மாட்டுங்கா, சயான், செம்பூர் போன்ற அண்டைப் பகுதிகளின் கல்லூரிகள் கூட்டாக வாங்கிப் பயன்படுத்தலாம். மேலே கண்ட எஸ்டர் பயிற்சிக்கு அதுவே போதுமானது.

தாராவியிலிருந்து அண்டைக் கல்லூரிக்குச் செல்லும் முதல் தலைமுறை மாணவருக்கும், வசதி மிக்க நிறுவனத்தில் பயிலும் மாணவருக்கும் பல்கலைக்கழகம் வைக்கும் வினாத்தாள் ஒன்றே. வேலைக்கான நேர்காணலில் எழும் வினாவும் ஒன்றே: ‘கருவியை இயக்கியதுண்டா?’ பொதுப் பணத்தில் வாங்கிய கருவியின் முன் இருவரும் ஒரு நாளேனும் அமர வகை செய்தால், அவ்வினாவுக்கு இருவரும் ஒரே விடையைத் தர இயலும். தர்மட்டியும் அவர் வழிவந்தவர்களும் பம்பாயில் தொடங்கிய பணி, ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலைக் கடந்து வகுப்பறையைச் சென்றடைதல் வேண்டும்.